யாழ்ப்பாணக் கிணற்று நீரும் வீட்டு முருகைக்கல் தொட்டியும்: நான்கு கட்ட ஆர்.ஓ. வடிகட்டி ஒன்றின் மதிப்பீடு

வீட்டில் முருகைக்கல் தொட்டி, அதாவது முருகைகளையும் (பவள உயிர்களையும்) மீன்களையும் உப்பு நீரில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கின் விலையில் தொடங்கி, நோய்ப்பட்ட மீன், நள்ளிரவு மின்வெட்டு, நின்றுபோன பம்பி என்று கவலைகளை ஒவ்வொன்றாக அடுக்குவார்கள். அந்தக் கவலைகள் எல்லாம் உண்மையானவை. ஆனாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு முருகைக்கல் தொட்டி நிலைத்து நிற்குமா, சில மாதங்களில் பாசி மூடிப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாள்தோறும் அதில் ஊற்றப்படும் நன்னீர்தான் என்பது என்னுடைய உறுதியான கருத்து. கடல்நீர்த் தொட்டிக்கு நன்னீர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும், எங்கள் கிணற்றில் இருப்பது நல்ல தண்ணீர்தானே, அதை ஏன் வடிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து, உரும்பிராயில் என் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் பொருத்தியிருக்கும் ஆர்.ஓ. வடிகட்டியைப் பற்றி, அதாவது நீரை அழுத்தத்தோடு மென்சவ்வு ஒன்றினூடாகத் தள்ளி அதில் கரைந்துள்ள உப்புகளைப் பிரித்தெடுக்கும் எதிர்ப் பிரசாரண வடிகட்டியைப் பற்றி, இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளின் விபரம். யாழ்ப்பாண நகரில் குடிநீர் வடிகட்டிகளை விற்றுப் பொருத்திக் கொடுக்கும் ஒரு கடையில், பாகங்களைத் தனித்தனியாகத் தெரிவு செய்து இதனை அமைப்பித்தேன். 5 மைக்கிரோன் படிவு வடிகட்டி, அமுக்கிய கரி வடிகட்டி, ஃபில்ம்ரெக் நிறுவனத்தின், நாளொன்றுக்கு 75 கலன் தரும் மென்சவ்வு, அதன் பின் அயன் நீக்கும் ரெசின் (மிஞ்சிய உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் சிறுமணிகள்) நிரப்பிய குழல் என்பவை அதன் நான்கு கட்டங்கள். இவற்றோடு 24 வோல்ற்றில் இயங்கும் அழுத்தப் பம்பியும், மென்சவ்வைக் கழுவிவிடும் வால்வும், நீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும், கையில் வைத்து அளக்கும் ரி.டி.எஸ். மானியும் உண்டு. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே பாகங்களைப் பொருத்தித் தரக்கூடிய கடைகள் நகரில் வேறும் இருப்பதால், வாசிப்பவருக்குப் பயன்படப்போவது பாகங்களின் விபரமே.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டுமே. உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். சோளகம் வீசும் மாதங்களில், நீரைக் குளிர்விப்பதற்காக மின்விசிறியும் பூட்டியிருக்கும் 200 லீற்றர் தொட்டி ஒன்று நாளொன்றுக்கு 3 லீற்றர் வரை இழக்கும். அந்த ஒரு நாள் இழப்பை ஈடுசெய்யாமல் விட்டாலே, லீற்றருக்கு 35 கிராமாக இருந்த உவர்த்தன்மை 35.5 ஐத் தாண்டிவிடும். கடலில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பில் வாழப் பழகிய உயிர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பெருந்தொல்லை என்பதால், குறைந்த நீரை அன்றன்றே நன்னீர் ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்தில் ஊற்றியதைக் கூட்டிப் பார்த்தால் 90 லீற்றர் வரும். அது தொட்டியின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி. அந்த 90 லீற்றரில் கரைந்து வந்தவை எவையாயினும், அவை ஆவியாக வழியின்றித் தொட்டிக்குள்ளேயே மாதாமாதம் குவிந்துகொண்டிருக்கும்.

இப்போது எங்கள் கிணறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு, சுண்ணக்கல்லைக் கரைத்து, கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த வன்னீராகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைத் தகட்டைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு வேறு சான்று தேவையில்லை. முருகைகள் தம் உடலைக் கட்டுவதும் கல்சியம் காபனேற்றால்தானே, ஆகவே சுண்ணக்கல் நீர் அவற்றுக்கு உணவாகும் அல்லவா என்று இங்கே பலர் வாதிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினும் கணக்குப் போட்டால் அது நிற்காது. லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் உள்ள கிணற்று நீரை மேற்சொன்ன அளவில் ஊற்றினால், அந்தத் தொட்டி நீரில் மாதந்தோறும் லீற்றருக்கு 45 மில்லிகிராம் வீதம் கல்சியம் ஏறும். இயற்கைக் கடல்நீரில் இருப்பதோ லீற்றருக்கு 410 மில்லிகிராம் அளவில்தான். கல்லாக வளராத மென்முருகைகள் மட்டும் உள்ள தொட்டியில் அவ்வளவையும் பயன்படுத்தி முடிக்க யாரும் இல்லை. கல்சியம் படிந்துவிடாமல் கரைந்தபடி இருக்க உதவும் மகனீசியம் அதே வீதத்தில் வந்து சேர்வதும் இல்லை. கடைசியில் உயிர்களுக்குப் போய்ச் சேராமல், பம்பியின் சுழலியிலும் குழாய்களின் உட்புறத்திலும் வெண்படிவாக இறுகுவதே அந்தக் கல்சியத்தின் கதி.

கல்சியமாவது கண்ணுக்குத் தெரியும் படிவாக வெளிப்படுகிறது. நைத்திரேற்று அப்படி இல்லை. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் பயிரிடப்படும் வலிகாமத்துச் செம்மண் நிலங்களில் இடப்படும் உரம் மழையோடு நிலத்தடி நீரில் இறங்குவதும், பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதும் நெடுங்காலமாக ஆய்வுகளில் பதிவாகி வரும் செய்திகள். அந்த எல்லையில் சரியாக நிற்கும் நீரை ஊற்றினாலும், ஒரு மாதத்தில் தொட்டியின் நைத்திரேற்று லீற்றருக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் உயர்ந்துவிடும். முருகைக்கற்பாறைகளைச் சூழ்ந்த கடல்நீரில் அது லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் வெகு கீழே இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், பாறையின் மேல் நூல் நூலாகப் பச்சைப் பாசி எழுவதற்கு மீனுக்குப் போட்ட தீனியை மட்டும் குறை சொல்ல முடியாது என்பது விளங்கும். தீனியைக் குறைத்து, விளக்கு நேரத்தைக் குறைத்து, பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டுப் பார்த்தும் பயன் காணாமல் மனம் சோர்ந்து தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டவர்கள் குடாநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பிலோ அக்கறையிலோ குறை இருக்கவில்லை. வாளியில் வந்த நீரே அவர்களுக்கு எதிராக வேலை செய்தது.

வடிகட்டி வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது அழுத்தத்தைப் பற்றி. இந்த மென்சவ்வு 3.4 பார் அழுத்தத்திலும் 25 பாகை செல்சியசிலும் நாளொன்றுக்கு 75 கலன், அதாவது 284 லீற்றர் நீர் தரும் என்று அளவிடப்பட்டது. எங்கள் வீடுகளில் தண்ணீர்த் தாங்கி 6 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் குழாயில் கிடைப்பது 0.6 பார்தான். அந்த அழுத்தத்தில் மென்சவ்வு சொட்டுச் சொட்டாக நீர் விடுவதோடு, உப்பைத் தடுக்கும் திறனும் குறைந்துவிடும். எனவே அழுத்தப் பம்பி இல்லாமல் இந்தத் தொகுதியை யாரேனும் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் வாங்க வேண்டாம். பம்பியோடு என் வீட்டில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் கிடைக்கிறது. எங்கள் வெப்பத்தில் நீர் 30 பாகையை எட்டும்போது உற்பத்தி சற்றுக் கூடும், தடுக்கும் திறன் சிறிது குறையும்.

முதற் கட்டத்தின் உறை ஒளிபுகும் பிளாஸ்ரிக்கால் ஆனது என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். மாரி மழை தொடங்கி, கிணற்று நீர் கலங்கும் நாட்களில், உள்ளே இருக்கும் வெள்ளை வடிகட்டி மேலிருந்து கீழாக இளஞ்சிவப்பாகி, பிறகு செங்கல் நிறமாகிப் போவதை அங்கே நின்றபடியே பார்க்கலாம். எப்போது மாற்ற வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் கட்டமான கரிக்கு இங்கே ஒரு தனிப்பட்ட வேலை உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரின் இடுவது எங்கள் ஊர்களில் வழக்கம். குளோரின் இந்த வகை மென்சவ்வை மீளமுடியாதபடி அரித்துவிடும். ஆகவே கிணற்றுக்குக் குளோரின் போட்ட கிழமையில் வடிகட்டியை நிறுத்திவைத்து, நீர் தெளிந்த பின், கரியையும் புதிதாக மாற்றி இயக்குவதே பாதுகாப்பானது. கடைக்காரர் இதைச் சொல்லித் தருவதில்லை.

என் கிணற்று நீரில் மானி 600 ஐ ஒட்டிய எண்ணைக் காட்டுகிறது. மென்சவ்வைத் தாண்டியதும் அது 12 அல்லது 13 ஆகிறது. நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கைத் தடுத்துவிடுகிறது என்பதற்கு இது சான்று. குடிப்பதற்கு இதுவே தாராளம். முருகைக்கல் தொட்டிக்கு அந்த மிச்சத்தையும் நீக்க வேண்டும், ஏனெனில் மென்சவ்வு எல்லாவற்றையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. நைத்திரேற்று மற்ற உப்புகளைவிட எளிதாக நழுவி வரக்கூடியது. நான்காம் கட்ட ரெசின் அதைப் பிடித்து எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறது.

இந்த ரெசின்தான் இத்தொகுதியில் அதிகம் கவனிக்க வேண்டிய இடமும், அதிகம் செலவு வைக்கும் இடமும். சுண்ணக்கல் நிலத்தின் கிணற்று நீரில் காபனீரொட்சைட்டு கரைந்திருக்கும் என்று மேலே சொன்னேன். அது வாயு என்பதால் மென்சவ்வினூடாகத் தடையின்றிப் போய்விடும்; ரி.டி.எஸ். மானியும் அதைக் கிட்டத்தட்டக் காட்டுவதில்லை. ஆனால் ரெசினை அடைந்ததும் அது எதிரயன்களைப் பிடிக்கும் பகுதியை நிரப்பத் தொடங்குகிறது. உப்பைப் பிடிக்க வைத்திருந்த கொள்ளளவை வாயு தின்றுவிடுவதால், நீண்ட காலம் உழைக்க வேண்டிய ரெசின் அரைவாசிக் காலத்திலேயே நிறம் மாறிவிடும். நிறம் மாறும் வகை ரெசினைப் போட்டவர்கள் குழலின் அடியிலிருந்து மேல்நோக்கி அந்தக் கோடு ஏறுவதைக் காணலாம். கடையில் இதைச் சொன்னபோது போலி ரெசின் வந்திருக்கும் என்றார்கள். மாற்றிப் போட்டும் அதே வேகத்தில்தான் தீர்ந்தது. இதற்கான தீர்வு மிக எளியது. கிணற்று நீரை நேரடியாகக் கொடுக்காமல், ஒரு பெரிய பிளாஸ்ரிக் பீப்பாயில் முதல் நாள் மாலையே நிரப்பி, மீன்தொட்டிக் காற்றுப் பம்பி ஒன்றால் இரவு முழுவதும் காற்று விட்டு, மறுநாள் காலையில் அந்த நீரை வடிகட்டிக்குக் கொடுத்தால் கரைந்திருந்த வாயுவின் பெரும்பகுதி வெளியேறிவிடும். குடாநாட்டில் ஆர்.ஓ. வடிகட்டி வாங்கும் தொட்டிக்காரர் ஒருவர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாயின் இதையே எடுத்துக்கொள்ளட்டும்.

ரெசின் முடியும் தறுவாயில் இன்னொரு அபாயமும் உண்டு. இறுக்கமின்றிப் பிடிக்கப்பட்டிருந்த சிலிக்கா போன்றவை, மானியின் எண் உயரத் தொடங்குவதற்கு முன்னரே கழன்று நீரோடு வரத் தொடங்கும். சிலிக்காவைக் கொண்டு வளரும் பாசி கண்ணாடியில் திடீரென்று மண்ணிறப் படலமாகப் படிந்தால், மானி சுழியத்தைக் காட்டினாலும் ரெசினைச் சந்தேகிப்பது நல்லது. அதேபோல, ஓய்ந்திருந்த வடிகட்டியை மீண்டும் இயக்கும்போது முதலில் வரும் ஓரிரு லீற்றரில் உப்பு கூடுதலாக இருக்கும். நிறுத்திவைத்த நேரத்தில் மென்சவ்வின் இருபுறமும் உப்பு மெல்லச் சமப்படுவதால் இது நிகழ்கிறது. அந்த நீரை ரெசினுக்குப் போகவிடாமல் புறக்குழாயால் வெளியே விட்டுவிட வேண்டும். இதற்கான மூன்றுவழி வால்வை என் தொகுதியில் கடையினர் கேட்காமலேயே பொருத்தித் தந்தார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

அந்தக் கடை மீதான என்னுடைய ஒரே முறைப்பாடு வேறு. குடிநீருக்கான வடிகட்டிகளைப் பொருத்தியே பழகியதால், கடைசிக் கட்டத்தில் கனிமங்களைத் திரும்பச் சேர்க்கும் சிறு குழல் ஒன்றையும் தங்கள் வழக்கப்படி இணைத்துவிட்டார்கள். நான்கு கட்டங்களில் நீக்கிய கல்சியத்தை ஐந்தாவதாக வந்த குழல் மீண்டும் கரைத்துக் கொடுத்தது. கழற்றச் சொன்னபோது பொருத்த வந்த இளைஞர், "அக்கா, இதைக் கழட்டினா தண்ணி சப்பெண்டு இருக்கும், குடிக்க ஏலாது" என்று உண்மையான அக்கறையோடு தடுத்தார். "தம்பி, இது நாங்கள் குடிக்கிறதுக்கில்லை, தொட்டிக்கு ஊத்தத்தான், கழட்டி விடுங்கோ" என்று விளக்கிய பின்னரே கழற்றினார். அவர் மேல் தவறில்லை. ஆனால் தொட்டிக்கென்று கேட்டு வாங்கும் ஒருவருக்கு எதற்காக வாங்குகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு பொருத்தும் முறை அந்தக் கடையில் இல்லை. அந்தக் குழலின் விலையும் பற்றுச்சீட்டில் சேர்ந்திருந்தது. அதைத் திரும்பப் பெறப் பல தடவை கேட்க வேண்டியிருந்தது.

கழிவுநீரைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்பீட்டை யாழ்ப்பாணத்தில் எழுத முடியாது. ஒரு லீற்றர் தூய நீர் பெற, இந்த வடிகட்டி மூன்று லீற்றரை வெளியே தள்ளுகிறது. நீர் வன்மையாக உள்ள இடங்களில் அதை நான்காகவும் வைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் மென்சவ்வின் மேல் சுண்ணம் படியும். ஆவியாதலுக்காக ஊற்றுவதும், வாராந்தம் பத்திலொரு பங்கு நீரை மாற்றுவதும் சேர்ந்து மாதத்துக்கு 170 லீற்றர் தூய நீர் வேண்டுமென்றால், 500 லீற்றருக்கு மேல் கழிவாகப் போகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத, வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும் ஒரு நிலத்தில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை நம்பிச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் நீரே எங்களுக்குக் குடிநீரும் பயிர்நீரும். அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருப்பதால், அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து சவர் ஏறும். ஒரு பொழுதுபோக்குக்காக இந்த நீரை வாய்க்காலில் விடுவது எனக்கு ஒப்பாத செயல்.

ஆனால் கழிவு என்ற பெயர் சுட்டுவதுபோல் அந்த நீர் கெட்டதல்ல. ஒன்றுக்கு மூன்று என்ற வீதத்தில் ஓடும்போது, கழிவுநீரில் உப்பு கிணற்று நீரில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். 600 ஆக இருந்தது 800 ஆகிறது. தென்னைக்கும் முருங்கைக்கும் அது பொருட்டே அல்ல. நான் அதை ஒரு நீண்ட குழாய் வழியே தென்னை அடிக்கு விட்டிருக்கிறேன்; முற்றம் கழுவவும் கழிவறைக்கும் ஒரு பகுதி போகிறது. மிளகாய் நாற்றுக்கும் பூஞ்சாடிகளுக்கும் அதை ஊற்றுவதில்லை. மாரியில் கூரையிலிருந்து விழும் மழைநீரை, முதல் மழையின் தூசு கழிந்த பின், பீப்பாய்களில் பிடித்து அதையே வடிகட்டிக்குக் கொடுக்கிறேன். அந்த நீரில் கரைந்தது மிகக் குறைவு என்பதால் மென்சவ்வும் ரெசினும் இளைப்பாறும், கிணற்றையும் தொட வேண்டியதில்லை. ஓட்டுக் கூரை வீடுகளில் இது எளிது. தகரக் கூரையாயின் துத்தநாகம் கரைந்து வரக்கூடும் என்பதால் ரெசின் கட்டத்தைத் தவிர்க்கவே கூடாது.

உப்பு நீர் கலக்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுற்றிலும் கடல் இருக்கும்போது உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று உறவினர் எல்லோரும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியின் உவர்த்தன்மை கோடையில் கடலையும் மிஞ்சி உயர்ந்து, மாரியில் வெள்ளம் கலந்து வீழ்ந்துவிடும். பருத்தித்துறைப் பக்கத் திறந்த கடலில் அள்ளினாலும், படகு எண்ணெயும் அலை கிளப்பிய மண்ணும் கூடவே வரும். சமையல் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே என்பதால், ஆனையிறவு உப்பு எவ்வளவு நல்லதானாலும் தொட்டிக்கு உதவாது. முருகைகளுக்கென்று தயாரிக்கப்பட்ட உப்பை, மானியில் சுழியம் காட்டும் நீரில் லீற்றருக்கு 35 கிராம் உவர்த்தன்மை வரும்வரை கரைத்து, ஒரு நாள் கலக்கவிட்டுப் பயன்படுத்துவதே நிச்சயமான வழி. கடல்நீரையே இந்த வீட்டு வடிகட்டியில் விட்டு நன்னீராக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியாது. 2024 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரக்கூடிய தாளையடி நிலையமும் இதே எதிர்ப் பிரசாரண முறையில்தான் இயங்குகிறது. ஆனால் நன்னீரைப் பிரிக்க வெல்ல வேண்டிய கடல்நீரின் பிரசாரண அழுத்தமே 27 பார் அளவில் இருப்பதால் அதற்கு வேண்டிய பம்பியும் மென்சவ்வும் முற்றிலும் வேறு வகையானவை.

வெப்பமும் மின்சாரமும் இந்த வடிகட்டியால் தீரும் கவலைகள் அல்ல. சித்திரை, வைகாசி மாதங்களில் மூடிய அறைக்குள் தொட்டி 30 பாகையைத் தாண்டும். கடலில் வழமையான உச்சத்தைவிட ஒரு பாகை கூடி சில கிழமைகள் நீடித்தாலே முருகைகள் வெளிறத் தொடங்கும் என்பதை 1998 இலும் 2016 இலும் இலங்கைக் கடல்கள் காட்டின. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது, பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று எத்தனை பெறுமதியானது என்று தொட்டி வைத்திருந்த எல்லோரும் கண்டார்கள்.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன என்று கேட்கலாம். என் தொட்டியில் தோல் முருகை ஒன்று இருக்கிறது. காளான் வடிவில் அகன்ற தலையும், அதன் மேல் நூற்றுக்கணக்கான பொலிப்புகளும் (சிறு பூக்கள்போல நீளும் உயிரங்கங்கள்) உள்ள மென்முருகை அது. சில மாதங்களுக்கு ஒருமுறை அது எல்லாப் பொலிப்புகளையும் உள்ளிழுத்துக்கொண்டு, சுருங்கி, மேற்பரப்பில் மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பான படலத்தோடு பல நாட்கள் அசையாமல் நிற்கும். புதிதாகத் தொட்டி வைத்தவர் அதைக் கண்டால் செத்துவிட்டதென்றே நினைப்பார். நீரை மாற்றுவார், மருந்து போடுவார், பாறையை இடம் மாற்றுவார், அந்தத் தலையீடுகளே அதைக் கொன்றுவிடும். உண்மையில் தன் மேல் படிந்த பாசியையும் அழுக்கையும் உரித்துத் தள்ளுவதற்காக அது எடுத்துக்கொள்ளும் ஓய்வே அது. ஊற்றும் நீரில் என்ன இருக்கிறது என்று தெரியாத காலத்தில் இந்த ஓய்வைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. நீரின் மேல் சந்தேகம் இல்லாதபோது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க முடிகிறது. ஒரு காலையில் அந்தப் படலத்தின் ஓரம் கிழிந்து, நீரோட்டத்தில் மெல்லிய தாளாக அலைந்து கழன்று போகும். அடுத்த நாள் முன்பைவிட அகலமாக விரிந்த தலையில் எல்லாப் பொலிப்புகளும் வெளியே நீண்டு அசைந்துகொண்டிருக்கும். பின்பக்கக் கண்ணாடியில் ஊதா நிறச் சுண்ணப்பாசி புள்ளி புள்ளியாகப் பிடித்துப் பரவுவதும், துப்புரவு இறால் பாறை இடுக்கிலிருந்து வந்து நீட்டிய விரலைச் சோதித்துப் பார்ப்பதும் இதே அமைதியின் பலன்கள். வடிகட்டிக்கு நான் கொடுத்த விலையை இந்த மன நிம்மதியோடு சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் தொட்டியில் கல்லாக வளரும் வன்முருகைகள் இல்லை. அவை இலங்கையின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் இடம்பெற்றவை. தீவுப்பகுதிக் கடலில் உடைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்லி யாராவது விற்க வந்தால் அதை வாங்குவது சட்டத்துக்கும் விரோதம், அந்தக் கடலுக்கும் விரோதம். நெடுந்தீவில் மதில்களாக அடுக்கப்பட்டிருக்கும் முருகைக்கற்களைப் பார்த்தவர்களுக்கு, அவை உருவாக எத்தனை காலம் சென்றிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. தொட்டிகளில் வளர்த்துப் பிரித்தெடுத்த மென்முருகைத் துண்டுகளை, எங்கிருந்து வந்தவை என்று கேட்டறிந்து வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி யார் இதை வாங்கலாம் என்பது. கிணற்றின் ரி.டி.எஸ். அளவு 1,000 க்குள் இருக்கும் வலிகாமத்து வீடுகளுக்கும், மழைநீர் பிடிக்க வசதியுள்ள எவருக்கும் இந்தத் தொகுதியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மீன் மட்டும் வளர்ப்பவர்கள் ரெசின் கட்டத்தை விட்டுவிட்டு மூன்று கட்டங்களோடு நிறுத்தலாம். படிவு வடிகட்டியையும் கரியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் மென்சவ்வு சில ஆண்டுகள் உழைக்கும். ரெசினைக் காற்றுப் புகாத பைகளில் அடைத்து முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது நல்லது, ஏனெனில் நகரக் கடைகளில் அது எப்போதும் கிடைப்பதில்லை.

கிணறுகள் சவராகிப்போன தீவுப்பகுதிகளிலும் கரையோரங்களிலும் இருப்பவர்களின் நிலை வேறு. அங்கே 2,000, 3,000 என்று காட்டும் நீரை இந்த வடிகட்டியில் விட்டால், மென்சவ்வைத் தாண்டி வரும் மிச்சமே ரெசினை விரைவில் தின்று தீர்த்துவிடும். அவர்கள் முழுத் தொகுதியையும் வாங்காமல், ரி.டி.எஸ். மானி ஒன்றையும் ரெசின் குழலையும் மட்டும் வாங்கி, கடைகளில் 19 லீற்றர் போத்தல்களில் விற்கப்படும் சுத்திகரித்த நீரை அளந்து பார்த்து, அதில் சுவைக்காகச் சேர்த்திருக்கும் கனிமங்களை அந்தக் குழலால் நீக்கிப் பயன்படுத்தலாம். வெவ்வேறு விற்பனையாளரின் நீர் வெவ்வேறு எண்ணைக் காட்டும் என்பதால், மானியைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து, ஆகக் குறைந்த எண்ணைக் காட்டும் போத்தலைத் தெரிவு செய்தால் ரெசின் நெடுநாள் வரும்.